எனக்க வீடு, என் வீடு: நாவலில் ஊர்ப்பேச்சு எவ்வளவு?

கேள்வி: குமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டக் குடும்பம் ஒன்றின் மூன்று தலைமுறைக் கதையை நாவலாக எழுதி, முதல் வரைவை 240 பக்கத்தில் முடித்திருக்கிறேன். உரையாடல் முழுக்க எங்கள் ஊர்ப்பேச்சு. மதுரை நண்பர் ஒருவரால் பத்துப் பக்கம் தாண்ட முடியவில்லை. உள்ளூர்க்காரர் ஒருவரோ, "இப்பிடி இங்க ஆரு பேசுவா?" என்று சிரிக்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? மூன்று அத்தியாயங்கள் இணைத்திருக்கிறேன்.

பதில்: இரண்டு பேர் சொல்வதையும் கேளுங்கள். இருவரும் ஒரே கோளாறைத்தான் இரண்டு பக்கமிருந்து பார்க்கிறார்கள். நீங்கள் பேச்சின் ஓசையை எழுத்துக்கூட்டிக் கொடுத்திருக்கிறீர்கள். பேசுகிற ஆளை விட்டுவிட்டீர்கள். பாட்டாவும் மகளும் பேரனும் ஒரே வாயால் பேசுகிறார்கள். வெளியூர்க்காரருக்கு அது தடங்கல், உள்ளூர்க்காரருக்குப் பொய்.

முதலில் ஏதாவது ஒரு காட்சியை, இரண்டு பக்கம் போதும், அச்செடுத்து மூன்று நிறப் பேனாக்களால் கோடிடுங்கள். 'வச்சிட்டு', 'தெரிஞ்சாவணும்', 'என்னத்தெ' போன்ற வெறும் ஒலித்திரிபுகளுக்குச் சிவப்பு. 'எனக்க வீடு', 'அவனுக்க தம்பி', 'அவிய வந்தாவ' போன்ற இலக்கண வேறுபாட்டுக்கு நீலம். சக்கை (பலா), மரச்சீனி (மரவள்ளி), விளை (தோப்பு), சிரட்டை (கொட்டாங்குச்சி) போன்ற ஊர்ச்சொற்களுக்குப் பச்சை. நீங்கள் அனுப்பிய பக்கங்களில் பெரும்பகுதி சிவப்பாகத்தான் வரும். அதில் முக்கால்வாசியை எடுத்துவிடலாம். தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் பேச்சு அப்படித் தேய்ந்துதான் ஒலிக்கும், அது குமரியைக் காட்டாது. நீலத்தைத் தொடாதீர்கள்.

உங்கள் வரி: "எனக்க மவனுக்கு நீ என்னத்தெ வச்சிட்டு இருக்கெ, சொல்லுலெ, இன்னைக்கி ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாவணும்." இதை "எனக்க மகனுக்கு நீ என்ன வச்சிருக்கே? சொல்லுலே. இன்னைக்குத் தெரியணும்" என்று மாற்றிப் பாருங்கள். 'எனக்க' என்ற ஒரு சொல் ஆளைக் கொண்டுபோய் மேற்குக் குமரியின் விளவங்கோட்டிலோ கல்குளத்திலோ நிறுத்திவிடுகிறது. வாசகர் தடுக்கி விழவும் இல்லை. எழுத்துக்கூட்டலிலும் ஒரு முடிவுக்கு வந்துவிடுங்கள்: மூன்று அத்தியாயத்துக்குள்ளேயே 'சொல்லுலே', 'சொல்லுலெ', 'சொல்லுல' என்று மூன்று விதமாக வருகிறது. ஒரு தாளில் பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

பச்சைச் சொற்களுக்கு அடைப்புக்குறிக்குள் பொருள் எழுதியிருக்கிறீர்கள். அது வேண்டாம். ஒரு பொருள் முதன்முறை வரும்போது அது யாராவது ஒருவருடைய கையில் இருக்கட்டும். "முந்தின வெட்டில் காய்ந்து ஒட்டியிருந்த ஒட்டுபாலை உரித்துக் கூடையில் போட்டுவிட்டுக் கத்தியை வைத்தாள்" என்றால் ரப்பர் மரத்தையே பார்க்காதவருக்கும் புரியும். அடுத்தமுறை வெறும் 'ஒட்டுபால்' போதும். பின்னிணைப்பாக ஒரு பக்கச் சொற்பட்டியல் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் அதைப் புரட்டாமலேயே கதை நகர வேண்டும்.

இனி ஆள்வாரியாகப் பிரிக்க வேண்டும். இங்கேதான் வேலை அதிகம். ஒவ்வொரு முக்கியப் பாத்திரத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வீட்டில், தோட்ட முதலாளியிடம், கோயிலிலோ சர்ச்சிலோ, கோபத்தில் என நாலு இடம்; ஒவ்வொன்றிலும் அவர் 'நீ' என்பாரா, 'நீரு' என்பாரா, 'நீங்க' என்பாரா என்று எழுதுங்கள். பாட்டா, குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956 நவம்பர் 1-க்கு முன்பே, திருவிதாங்கூர்ப் பக்கத்து மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் 'ஓர்ம' (நினைவு), 'பறஞ்சான்' (சொன்னான்) என்றெல்லாம் மலையாளம் அவர் வாயில் வரலாம். நிலப்பத்திரத்தின் தேதியை மலையாள நாட்காட்டியின் கொல்லம் ஆண்டில் சொல்வார், இளமைக்காலத்துக் கூலியைச் சக்கரத்தில் சொல்வார் (ஒரு திருவிதாங்கூர் ரூபாய்க்கு 28 சக்கரம்). பேரன் சென்னையில் வேலை பார்ப்பவன். அலுவலக போனில் 'என்', 'என்னோட' என்றுதான் பேசுவான். அவனுக்கு 'எனக்க' வருகிற இடங்களை எண்ணிப் பாருங்கள். நாவல் முழுக்க நாலைந்து இடம் இருந்தால் போதும். அந்த இடங்களில் அவன் நிதானம் இழந்திருக்க வேண்டும். இப்போது அவன் முதல் வரியிலேயே அப்படிப் பேசுவதால், பிறகு அழும்போது அதற்கு எடையே இல்லை.

பூதப்பாண்டியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த மாமியாரையும் கவனியுங்கள். பூதப்பாண்டி இருக்கும் கிழக்குக் குமரியின் தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்து நாஞ்சில் பேச்சும் விளவங்கோட்டுப் பேச்சும் ஒன்றல்ல. குடும்பத்தில் அவரை எல்லாரும் கேலி செய்ய அதுவே ஒரு காரணமாகலாம். அந்த வாய்ப்பை நீங்கள் தொடவே இல்லை. உள்ளூர் நண்பரின் சிரிப்பு இந்த இடத்தில்தான் தொடங்கியிருக்கும் என்று தோன்றுகிறது.

கதைசொல்லியின் நடை பொதுத்தமிழில் இருக்கட்டும். சில பத்திகளில் அதுவும் ஊர்ப்பேச்சுக்கு நழுவுகிறது. முழு நாவலையும் ஒரு பாத்திரமே சொன்னால் அது சரி, பாதியில் மாறினால் சரியில்லை.

மொழியோடு சேர்த்துக் காலத்தையும் ஒருமுறை சலித்துவிடுங்கள். மூன்றாம் அத்தியாயத்தில் பாட்டா 1968-இல் நாகர்கோவிலில் ரயிலேறித் திருவனந்தபுரம் போகிறார். அந்தப் பாதை திறந்ததே 1979-இல்தான். அவரைப் பஸ்ஸில் அனுப்புங்கள். பிப்ரவரியில் பால் பிடிக்கும் சிரட்டை நிரம்பி வழிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். டிசம்பர் தொடங்கி ரப்பர் இலை உதிரும், பால் குறையும், பிப்ரவரி வாக்கில் பலரும் வெட்டையே நிறுத்திவைப்பார்கள். வேலையில்லாத அந்த வாரங்களில்தான் வீட்டுச் சண்டையை வைக்க வேண்டும், கூலியும் இருக்காது. பால்வெட்டு விடியுமுன், நீங்கள் பத்து மணி வெயிலில் வெட்டவைத்திருக்கிறீர்கள். அப்போது மரத்தில் பால் அழுத்தம் இறங்கியிருக்கும்.

திருத்தியதும் நீங்களே வாசித்துப் பார்ப்பதில் பயனில்லை, உங்கள் காது தானாகத் திருத்திக்கொள்ளும். ஒரு காட்சியை உள்ளூர்க்காரர் ஒருவரையும் வெளியூர்க்காரர் ஒருவரையும் தனித்தனியே உரக்க வாசிக்கச் சொல்லி போனில் பதிவுசெய்யுங்கள். வெளியூர்க்காரர் ஒரு பக்கத்தில் மூன்று முறைக்கு மேல் திக்கினால் சிவப்பு இன்னும் மிச்சமிருக்கிறது. உள்ளூர்க்காரர் ஒரு சொல்லை அறியாமலே மாற்றி வாசித்தால் அவர் வாசித்ததை எழுதிக்கொள்ளுங்கள், பெரும்பாலும் அதுதான் சரி. 240 பக்கத்தையும் ஒரே மூச்சில் திருத்த உட்காராமல் மாமியார் வருகிற காட்சிகளை மட்டும் தனியே எடுத்து முதலில் முடியுங்கள். அவர் பேச்சு பிரிந்துவிட்டால் மற்றவர்கள் எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்பது தெரிந்துவிடும்.