லோரிக்காரர் பதில்கள்

கே: ஐயா, என் மகளுக்குப் பரிசம் போடச் சிரம்பானிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டாரைக் கைப்பேசி வழிகாட்டி செம்பனைக்குள் இழுத்துப் போய், பூட்டிய கேட்டின் முன் நிறுத்தி, "இடம் வந்துவிட்டது" என்றதாம். துணைக்கோளம் இப்படியா பொய் சொல்லும்?
– ஒரு தாயார், பெஸ்தாரி ஜெயா

ப: துணைக்கோளத்தை ஏசாதீர்கள், அம்மா. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அதற்கு உங்கள் தோட்டமும் தெரியாது, சம்பந்தியும் தெரியாது. தன் நேரத்தையும் தான் இருக்கும் இடத்தையும் ஓயாமல் ஒலிபரப்புவதே அதன் வேலை. குறைந்தது நான்கு துணைக்கோளங்களின் அலை வந்துசேர எடுத்த நேரத்தை வைத்து, நாம் நிற்கும் இடத்தைக் கைப்பேசிதான் கணக்குப் போடுகிறது. திறந்தவெளியில் அது சில மீட்டர்தான் பிசகும்.

கோளாறு வரைபடத்தில். தோட்டத்தின் பெயரைத் தட்டினால், அத்தனை ஏக்கரில் எங்கோ ஒரு புள்ளியை அது பிடித்துக்கொள்ளும். ஆபீஸாக இருந்தால் அதிர்ஷ்டம், நடுக்காடாகவும் இருக்கலாம். குலை ஏற்றப் போட்ட செம்மண் பாதைகளில் பல வருடம் லோரி ஓட்டியவன் நான். நேராகப் போகும், திடீரென்று வாய்க்கால் குறுக்கிடும், வண்டியைத் திருப்ப இடமிருக்காது. வரைபடத்துக்கு அதுவும் ஒரு சாலை! வேஸ் செயலியின் அமைப்பில் மண்சாலையைத் தவிர்க்கச் சொல்லும் வசதி உண்டு. வருகிறவர்களை அதைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

அடுத்த முறை உங்கள் வீட்டு வாசலில் நின்று, இருப்பிடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். நேரலை இருப்பிடத்தை அனுப்பிவிடாதீர்கள். நீங்கள் வெற்றிலை வாங்கக் கடைத்தெருவுக்குப் போனால் சம்பந்தியும் அங்கேயே வந்து நிற்பார். எந்தக் கேட் திறந்திருக்கும் என்பதை வாயால் சொல்லிவிடுங்கள். அதை எந்த வழிகாட்டியும் சொல்லாது.

கே: எங்கள் தோட்டத்தில் கைப்பேசி லைன் கிடைக்காது. வழிகாட்டி வேலை செய்யுமா?
– இளைஞர், ஈஜோக்

ப: செய்யும், தம்பி. இடம் காட்டும் அலை வானத்திலிருந்து இலவசமாக வருகிறது. லைன் வரைபடத்துக்குத்தான் வேண்டும். வீட்டிலேயே கூகள் மேப்ஸில் உங்கள் வட்டார வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நெரிசல் மட்டும் தெரியாது. தோட்டத்தில் ஏது நெரிசல், மாடு படுத்தால்தான் உண்டு. லைன் இல்லாதபோது முதல் தடவை இடத்தைப் பிடிக்கச் சற்று நேரமாகும். மரத்தடியை விட்டு வெளியே நின்று காத்திருங்கள்.

கே: என் கணவர் தம் பழைய கார்மின் வழிகாட்டிக் கருவியைத் தூக்கிப் போட மறுக்கிறார்.
– வாசகி, கோலசிலாங்கூர்

ப: மறுக்கட்டும். வரைபடம் அதற்குள்ளேயே இருப்பதால் லைன் தேவையில்லை. தன்னார்வலர்கள் வரைந்த மால்சிங்மேப்ஸை அதில் ஏற்றி நாங்களும் ஓட்டியிருக்கிறோம். ஆனால் வரைபடத்தைப் புதுப்பித்தாரா என்று கேளுங்கள். 2011இல் திறந்த லாத்தார் விரைவுச்சாலை அதில் இல்லையென்றால், கார் செம்பனை மரங்களுக்கு மேலே பறப்பதாகக் காட்டும். அவர் அதையும் நம்புவார்.