குழல் நீளமா, விரலின் பழக்கமா? சின்னப் பிஸ்டல் வாங்குவோருக்கு

நம் தென்னாப்பிரிக்காவின் டோங்காட்டில் பலசரக்குக் கடை நடத்தும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: “இரவில் கடை அடைத்து நானும் மனைவியும் வசூல் பணத்தோடு வீடு திரும்புகிறோம். தற்காப்புக்கு ஒரு பிஸ்டல் வேண்டும். சட்டைக்குள் மறைய வேண்டும், குறியும் தவறக்கூடாது. குழல் நீளமாக இருந்தால்தான் குறி சரியாக விழும் என்கிறார் கடைக்காரர். எதை வாங்கலாம்?”

கடைக்காரர் சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் கொஞ்சம்தான். குழல் நீண்டால், துப்பாக்கியின் மேல் குறி பார்க்க வைத்திருக்கும் முன் முனைக்கும் (முன் குறி) பின் முனைக்கும் (பின் குறி) உள்ள இடைவெளியும் கூடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். குளோக் 19 பிஸ்டலில் இந்த இடைவெளி சுமார் 15.2 செ.மீ.; அதைவிடச் சிறிய குளோக் 26-இல் சுமார் 13.7. குறி பார்க்கும்போது முன் குறி ஒரு மில்லிமீட்டர் விலகினால், 7 மீட்டர் தள்ளி முதலாவதில் 4.6 செ.மீ. பிசகும், இரண்டாவதில் 5.1. வித்தியாசம் அரை சென்டிமீட்டர். தற்காப்பில் சுட நேர்ந்தால் தூரம் பெரும்பாலும் ஒரு அறையின் நீளம்தான். அங்கே அரை சென்டிமீட்டர் ஒரு பொருட்டே இல்லை.

குறியைக் கெடுப்பது விரல். விசையை அழுத்தும்போது மணிக்கட்டும் சேர்ந்து இறங்கிவிடுகிறது, தோட்டா கீழே போகிறது. இதைக் கடையிலேயே சோதிக்கலாம். கடைக்காரரிடம் அனுமதி வாங்குங்கள். மேகசினை (தோட்டா அடுக்கும் பெட்டி) கழற்றி, ஸ்லைடை (பின்னால் நகரும் மேல்பகுதி) இழுத்து, உள்ளே தோட்டா இல்லை என்று இருவரும் கண்ணால் பாருங்கள். ஆள் இல்லாத திசையில் நீட்டி, முன் குறிக்குச் சற்றுப் பின்னால் ஸ்லைடின் மேல் ஒரு 10 சென்ட் காசை வைக்கச் சொல்லி, விசையை மெதுவாக அழுத்துங்கள். காசு விழாமல் நிற்கிற துப்பாக்கிதான் உங்களுக்குக் குறி தவறாத துப்பாக்கி. காசு விழுந்தால் கைப்பிடி பருமனாக இருக்கலாம், விசை கனமாக இருக்கலாம், பழக்கமின்மையாகவும் இருக்கலாம். மூன்று நான்கு மாடல்களில் இதைச் செய்து பார்த்தால் எது காரணம் என்று விளங்கிவிடும்.

உங்கள் மனைவியின் கை இங்கே முக்கியம். நம் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் தற்காப்புக்கான 13-ஆம் பிரிவின் கீழ் ஒருவருக்கு ஒரே லைசென்ஸ்தான், ஒரே துப்பாக்கிதான். ஆனால் 12-ஆம் பிரிவின்படி ஒரே வீட்டில் குடியிருப்பவர் அதே துப்பாக்கிக்குக் கூடுதல் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். அந்த வழியில் போவதானால் ஒரு பிஸ்டல் இரண்டு கைகளுக்கும் பொருந்த வேண்டும். கை அளவுக்கு ஏற்பக் கைப்பிடியின் பின்பட்டையை மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள குளோக் 19 அல்லது சி.இசட். பி-10 சி இதற்குத் தோதானவை. இரண்டும் 9 மி.மீ. பாரபெல்லம் ரகத் தோட்டா போடுபவை, இரண்டிலும் மேகசினில் 15 தோட்டா. என் ஓட்டு சி.இசட்.டுக்கு, விசை கொஞ்சம் இலகுவாக அழுந்துகிறது என்பதால். ஆனால் காசு சொல்வதே கடைசித் தீர்ப்பு.

சிக் பி365 போன்ற மிகச் சிறியவை மறைக்கச் சுகம், சுட அவ்வளவு சுகம் இல்லை. இலகுவான துப்பாக்கியில் பின்னுதைப்பு கடுமை. மணிக்கட்டு தளர்ந்தால் ஸ்லைடு முழுதாகப் பின்வாங்காமல் தோட்டா சிக்கிக்கொள்ளும். ஸ்பிரிங் விறைப்பாக இருந்தால் ஸ்லைடை இழுக்கவே சிலருக்குச் சிரமம். மனைவி அதைத் தாமே இழுத்துப் பார்க்கட்டும். நீங்கள் இழுத்துக் காட்டுவதில் பயனில்லை.

வாங்குவதற்கு முன் சுடுதளத்தில் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்த்துவிடுங்கள். காரணம், நம் நாட்டில் பணம் கட்டினாலும் லைசென்ஸ் வரும்வரை துப்பாக்கி விற்பனையாளரிடமே இருக்கும். லைசென்ஸ் அந்தக் குறிப்பிட்ட துப்பாக்கிக்கு. அப்புறம் பிடிக்கவில்லை என்றால் வேறொன்றுக்கு முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டியதுதான்.

விண்ணப்ப வேலை நீளமானது. வயது 21 நிறைந்திருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் சட்டமும் கையாளுதலும் படித்துத் தேற வேண்டும். அப்புறம் உங்கள் பகுதிக் காவல் நிலையத்தின் துப்பாக்கி அதிகாரியிடம் தகுதிச் சான்றிதழுக்கு ஒரு விண்ணப்பம், லைசென்ஸுக்கு ஒரு விண்ணப்பம். ஆளுக்கு ஆள் தனித்தனியாக. துப்பாக்கி ஏன் தேவை, வேறு வழியில் ஏன் தற்காத்துக்கொள்ள முடியாது என்று விளக்கும் கடிதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். “ஊரில் திருட்டு அதிகம்” என்று எழுதினால் போதாது. எத்தனை மணிக்குக் கடை அடைக்கிறீர்கள், எந்த வழியாகப் போகிறீர்கள், முன்பு புகார் கொடுத்திருந்தால் அதன் வழக்கு எண் எல்லாம் எழுதுங்கள்.

விலையைக் கணக்கிடும்போது தரச்சான்று பெற்ற இரும்புப் பெட்டியையும் நல்ல உறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளியே எடுத்துப் போகும்போது பிஸ்டல் உறைக்குள், முழுக்க மறைந்து, உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். விசைப் பகுதியை முழுதாக மூடும் கெட்டியான உறையாகப் பாருங்கள்; தொளதொளத் துணி உறை வேண்டாம்.

இன்னொன்று: வசூல் பணத்தைப் பறித்துக்கொண்டு ஓடுகிறவன் முதுகில் சுட்டால் அது தற்காப்பு ஆகாது. உயிருக்கு ஆபத்து நடந்துகொண்டிருக்கும் அந்தக் கணத்துக்கு மட்டுமே சட்டம் துணை நிற்கும்.

தற்காப்பு லைசென்ஸ் 5 ஆண்டுக்குச் செல்லும். காலாவதியாவதற்குக் குறைந்தது 90 நாள் முன்பே புதுப்பிக்க விண்ணப்பம் போய்விட வேண்டும். கிடைத்த அன்றே அந்தத் தேதியைக் கடைக் காலண்டரில் அல்ல, போனில் குறித்து வையுங்கள்.