‘எதுவானாலும் சொல்லுங்க’ என்றால் யாரும் சொல்வதில்லை!
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 4 தையல் லைன் ஓடும் பனியன் ஏற்றுமதி கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜராக இருக்கிறேன். ‘எதுவானாலும் நேரா என்கிட்ட சொல்லுங்க’ என்று எல்லா மீட்டிங்கிலும் சொல்கிறேன். ஆனாலும் ஷிப்மென்ட்டுக்கு முந்தின நாள்தான் பிரச்னை என் காதுக்கு வருகிறது. நான் கோபக்காரனும் இல்லை. எங்கே தப்பு?
- வாசகர், திருப்பூர்

பதில்: ‘கோபக்காரன் இல்லை’ என்பது உங்கள் கணிப்பு. சூப்பர்வைசர்கள் என்ன நினைக்கிறார்கள்? ஜோசப் லஃப்ட், ஹாரிங்டன் இங்ஹாம் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1955-ல் ‘ஜோஹாரி ஜன்னல்’ என்றொரு நான்கு கட்டப் படம் போட்டார்கள். அதில் ஒரு கட்டம், நம்மைப் பற்றி மற்றவர்களுக்குத் தெரிந்து நமக்கு மட்டும் தெரியாதவை. தனியாக உட்கார்ந்து எவ்வளவு யோசித்தாலும் அந்தக் கட்டம் சுருங்காது; யாராவது வந்து சொன்னால்தான் உண்டு. பதவி ஏற ஏற, அப்படிச் சொல்ல ஆள் குறைந்துகொண்டே போகும்.

உங்கள் ஊசி ரிஜிஸ்டரை எடுத்துப் பாருங்கள். ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடி எடுத்து, டேப் போட்டு ரிஜிஸ்டரில் ஒட்டிய பிறகுதான் புது ஊசி. துண்டு கிடைக்காவிட்டால் அங்கிருக்கும் பீஸ்களை மெட்டல் டிடெக்டரில் விட வேண்டும். லைன் நிற்கும், டார்கெட் விழும். அந்த நேரத்தில் ‘எப்படி உடைச்சே?’ என்று சூப்பர்வைசர் ஒரு தடவை கத்தினால் போதும். அடுத்த முறை டெய்லர், பதுக்கி வைத்த ஊசியைச் சத்தமில்லாமல் மாட்டிக்கொண்டு தைப்பார். ரிஜிஸ்டர் சுத்தமாக இருக்கும், துண்டு துணிக்குள் இருக்கும். 4 லைனில் மாதக்கணக்காக ஓர் ஊசிகூட உடையவில்லை என்றால் கவலைப்பட வேண்டிய நேரம் அது. ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தபோது, நல்ல தலைமை இருந்த பிரிவுகளில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அங்கே ஊழியர்கள் மறைக்கவில்லை என்பதே அவர் கண்ட விளக்கம்.

இனி ‘ஏதாவது இருந்தா சொல்லுங்க’ வேண்டாம். ஒவ்வொரு சூப்பர்வைசரிடமும் தனித்தனியாக, அவர் இடத்துக்கே போய் 10 நிமிடம் பேசுங்கள். ‘போன வாரம் என்கிட்ட சொல்லலாமா வேண்டாமான்னு யோசிச்ச விஷயம் எது?’ என்று மட்டும் கேளுங்கள். கேட்டபின் வாயை மூடிக்கொள்ள வேண்டும். பெரும்பாலான மேனேஜர்கள் சறுக்குவது இங்கேதான். பதில் வரத் தாமதமானதும் தாங்களே பேச ஆரம்பித்துவிடுவார்கள். அவர் சொன்னதும் ‘யார் செஞ்சது?’ என்று கேட்காதீர்கள். ‘எப்போ ஆரம்பிச்சது, இப்போ என்ன வேணும்?’ என்பதோடு நிறுத்துங்கள். ஒரு வாரத்துக்குள் ஒன்றையாவது சரிசெய்து, அவரிடமே போய்ச் சொல்லுங்கள். முடியாவிட்டால் காரணத்தைச் சொல்லுங்கள். முதல் மாதம் ‘ஃபேன் ஓடலை’, ‘டீ லேட்’ என்றுதான் வரும். ஆழம் பார்க்கிறார்கள். அதை அலட்சியப்படுத்தினால் பெரிய விஷயம் வரவே வராது.

கேள்வி: எங்கள் ஐ.டி. நிறுவனத்தில் ‘360 டிகிரி ஃபீட்பேக்’ (ஒரு மேனேஜரைப் பற்றி பாஸ், சக ஊழியர்கள், டீம் எனச் சுற்றியிருக்கும் எல்லோரிடமும் பெயர் சொல்லாமல் கருத்து வாங்குவது) எடுத்து, ரிப்போர்ட்டை மேனேஜர்களுக்கு மெயிலில் அனுப்பினோம். ஒரு மேனேஜர், எழுதியது யார் என்று துருவிக்கொண்டிருக்கிறார். டீமே வாயடைத்துப் போய்விட்டது.
- ஹெச்.ஆர். வாசகி, சென்னை

பதில்: மெயிலில் அனுப்பியதுதான் முதல் கோளாறு. க்ளூகர், டெனிசி என்ற ஆய்வாளர்கள் 1996-ல் பழைய ஆய்வு முடிவுகளை நூற்றுக்கணக்கில் தொகுத்துப் பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், ஃபீட்பேக்குக்குப் பின் செயல்திறன் குறைந்தே போயிருந்தது. கவனம் வேலையை விட்டு ‘என்னை எப்படி இப்படிச் சொல்லலாம்’ என்று திரும்பினால் அப்படித்தான் ஆகும்.

அவரை அழைத்து, துருவுவதை நிறுத்தச் சொல்லுங்கள். இதில் சமரசம் வேண்டாம். அடுத்த சுற்றில், சக ஊழியர்கள், டீம் போன்ற ஒரு பிரிவில் 3 பேருக்குக் குறைவாகப் பதில் வந்தால் அதைத் தனியாகக் காட்டாதீர்கள். எழுத்துக் கருத்துகளை வார்த்தை மாறாமல் தராதீர்கள்; நடையை வைத்தே ஆளைப் பிடித்துவிடுவார்கள். இன்கிரிமென்டோடு முடிச்சுப் போட்டால் எல்லோரும் பூசி மெழுகுவார்கள். லீடர்ஷிப் கோச் (மேனேஜர்களோடு தனியாக உட்கார்ந்து பேசி வழிகாட்டுபவர்) ஒருவர் உடனிருக்க, ரிப்போர்ட்டை 90 நிமிடம் படிக்க வையுங்கள். மேனேஜர் அதிலிருந்து ஒரே ஒரு பழக்கத்தை எடுத்துக்கொண்டு (‘குறுக்கே பேசுவதை விடுகிறேன்’), டீமிடம் சொல்லி, மாதம் ஒருமுறை ‘குறைந்திருக்கிறதா?’ என்று கேட்கட்டும். பத்துப் பழக்கத்தை ஒன்றாகத் திருத்தக் கிளம்பியவர் எதையும் திருத்துவதில்லை.

கேள்வி: லீடர்ஷிப் கோச்சை எப்படித் தேர்ந்தெடுப்பது?
- வாசகர், கோவை

பதில்: யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிக்கொள்ளக்கூடிய தொழில் இது, சான்றிதழைக் கேளுங்கள். ஐ.சி.எஃப். (இன்டர்நேஷனல் கோச்சிங் ஃபெடரேஷன்) என்ற சர்வதேச அமைப்பின் ‘ஏ.சி.சி.’ தகுதிக்குக் குறைந்தது 60 மணி நேரப் பயிற்சியும் 100 மணி நேர கோச்சிங் அனுபவமும் வேண்டும், அதற்கு அடுத்த நிலையான ‘பி.சி.சி.’க்கு 125-ம் 500-ம். இரண்டு வாரத்துக்கு ஒரு அமர்வு என 6 மாதம் வைத்துக்கொள்ளலாம். தொடக்கத்திலேயே மேனேஜர், அவருடைய பாஸ், கோச் மூவரும் உட்கார்ந்து, பாஸுக்கு எது தெரியும் என்று எழுதிக்கொள்ளுங்கள். இலக்கும் வருகையும் போதும். பேசியது பாஸ் காதுக்குப் போகும் என்று தெரிந்தால், மேனேஜர் கோச்சிடமும் நடிப்பார்.

பாலியல் தொல்லைப் புகாரை மட்டும் கோச்சிங்கில் தள்ளிவிடாதீர்கள். 10 அல்லது அதற்கு மேல் ஊழியர்கள் உள்ள இடத்தில், 2013-ம் ஆண்டுச் சட்டப்படி இந்தப் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். புகார் அங்கேதான் போக வேண்டும்.