போர்க்காலத்தில் டோல்கீன் தம் பதிப்பாளருக்கு எழுதிய கடிதங்கள் ஏன் முக்கியமானவை?

ஒரு பெரும் நூல் முடிவு பெறாமலே நின்றுபோயிருக்கக்கூடும் என்பதை அவை உணர்த்துகின்றன. பிரிட்டனில் 1940 முதல் அச்சுத்தாளுக்குப் பங்கீடு இருந்தது. அதே ஆண்டு லண்டன் குண்டுவீச்சில் டோல்கீனின் முந்தைய கதைநூலான ‘தி ஹாபிட்’டின் இருப்புப் பிரதிகளும் எரிந்துபோயின. ஆக்ஸ்ஃபோர்டுப் பேராசிரியரான டோல்கீன் 1942 டிசம்பரில் தம் பதிப்பாளர் ஸ்டான்லி அன்வினுக்கு எழுதிய கடிதத்தில், இத்தகைய தாள் தட்டுப்பாட்டுக்கு நடுவே அந்நூலின் தொடர்ச்சியை எழுதி முடிப்பதால், தம் குடும்பத்தாரின் மகிழ்ச்சிக்கு அப்பால், ஏதேனும் பயன் உண்டா என்று கேட்கிறார். கதை 31ஆம் அத்தியாயத்தை எட்டிவிட்டது, குறைந்தது இன்னும் ஆறு தேவைப்படும் என்பது அப்போது அவர் போட்ட கணக்கு. கடிதங்களில் என்னை மிகவும் நெகிழவைக்கும் இடம் இதுதான். ஏனெனில் அந்தத் தொடர்ச்சியே ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ என்ற பெயரில் 62 அத்தியாயங்களாக வளர்ந்து, 1954, 1955 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக அன்வினின் நிறுவனத்தின் வழியாகவே வெளிவந்தது.