பார்த்தது எது, ஊகித்தது எது?

கேள்வி: இரண்டாம் ஆண்டு ஜியாலஜி மாணவர்களைப் பாம்பனுக்கும் தனுஷ்கோடிக்கும் களப்பயணம் அழைத்துப் போகிறோம். அவர்கள் தரும் அறிக்கையில் பாதி, இணையத்தில் கிடைக்கும் ஊர் வரலாறு. மீதி, ‘இங்கே கடல்மட்டம் தாழ்ந்தது’ போன்ற முடிவுகள். பார்த்ததை எழுதவைப்பது எப்படி?
– கல்லூரி ஆசிரியர், ராமநாதபுரம்

பதில்: கரையில் நிற்கும்போதே எழுதவைத்துவிடுங்கள். பஸ் ஏறியபின் எழுதுவதெல்லாம் நினைவும் கூகுளும் கலந்ததாகிவிடும். களக் குறிப்பேட்டின் இடது பக்கம் கண்டதற்கும் அளந்ததற்கும் மட்டும். நினைத்தது வலது பக்கத்துக்கு.

பாம்பன் பக்கம் கரையில் மேடாக நிற்கும் பழைய பவளத் திட்டையே எடுத்துக்கொள்வோம். ‘கடல்மட்டம் தாழ்ந்ததால் பவளம் வெளியே வந்துள்ளது’ என்ற வரியில் கண்ணால் கண்டது எதுவுமே இல்லை. பவளம் வளர்ந்த நிலையிலேயே நிமிர்ந்து நிற்கிறதா, புரண்டு கிடக்கிறதா? இடையில் இறுகியிருப்பது மணலா, சிப்பித் துண்டா? இவையே இடது பக்கத்தில் இருக்கவேண்டியவை. புரண்டு கிடந்தால் புயலலை தூக்கிப்போட்டதாக இருக்கலாம். கடல்மட்ட வாதம் அங்கேயே நின்றுவிடும். நிமிர்ந்தே நின்றாலும், கடல் இறங்கியதா நிலம் உயர்ந்ததா என்பதை அந்தத் திட்டு மட்டும் சொல்லாது.

உயரத்தை எழுதும்போது எதிலிருந்து அளந்தோம் என்பதும் கூடவே வரவேண்டும். இந்தக் கடலில் ஓதம், அதாவது கடல்நீரின் தினசரி ஏற்ற இறக்கம், ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனால் அளக்கும் திட்டே ஒரு மீட்டர் உயரம்தான் என்றால், ஏற்றத்தில் அளந்தவருக்கும் வற்றத்தில் அளந்தவருக்கும் விடை வெகுவாக மாறும். அளந்த நேரத்தைக் குறித்து, ஓத அட்டவணை பார்த்துத் திருத்தச் சொல்லுங்கள்.

கிளம்புமுன் கால் மணி நேரம் ஒதுக்கி, குறிப்பேடுகளை மாற்றிக்கொள்ளட்டும். எழுத்தை மட்டும் வைத்து, பாறையைப் பார்க்காமல் நண்பர் படம் வரையவேண்டும். படமும் பாறையும் எங்கே ஒத்துப்போகவில்லையோ, அங்கே விட்டுப்போன சொல் எது என்று எழுதியவருக்கே தெரிந்துவிடும்.

கேள்வி: செய்முறைப் பகுதியில் ‘மணலைக் காயவைத்துச் சலித்தேன்’ என்று எழுதினேன். மதிப்பெண் குறைந்தது. வேறென்ன எழுதுவது?
– மூன்றாம் ஆண்டு மாணவி, மண்டபம்

பதில்: இன்னொருவர் அதைப் படித்து அப்படியே திரும்பச் செய்ய முடியவேண்டும். அலை ஏறி இறங்கும் சரிவில் எடுத்தீர்களா, மேல் மேட்டிலா? எத்தனை சென்டிமீட்டர் ஆழம்வரை? உப்பு போகக் கழுவினீர்களா? குவித்து நாலாகப் பங்கிட்டு 100 கிராம் எடுத்தீர்களா? சல்லடைகள் அரை ஃபை (மணல் பருமனைக் குறிக்கும் அளவு) இடைவெளியா, எத்தனை நிமிடம் குலுக்கினீர்கள்? சலித்தபின் எல்லாத் தட்டிலும் உள்ள மணலின் எடையைக் கூட்டினால் எவ்வளவு குறைந்தது? ஒரு கிராமுக்குமேல் குறைந்தால் மறுபடி சலிப்பதே நல்லது.

நம் கரையில் மறக்கவே கூடாதது சிப்பித் துண்டு. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்துவிட்டுச் சலித்தால் ஒரு விடை, கரைக்காமல் சலித்தால் வேறு விடை. சிப்பி பெரும்பாலும் பருமனாக இருப்பதால், அது போனபின் சராசரி நுண்மணல் பக்கம் நகரும். எது செய்தீர்கள் என்று சொல்லாவிட்டால் அந்த எண்ணை வேறு எதனோடும் ஒப்பிட முடியாது.

இன்னொன்று: ஃபை கூடக்கூட மணல் நுண்மையாகும். 2 ஃபை என்றால் 0.25 மில்லிமீட்டர், 3 ஃபை 0.125. ‘ஃபை உயர்ந்தது, ஆகவே மணல் பருத்தது’ என்ற தலைகீழ் வரி அடிக்கடி வருகிறது. கால்குலேட்டர் காட்டியதற்காக 2.1437 ஃபை என்றும் எழுதாதீர்கள், 2.14 தாராளம்.

கேள்வி: பாறைப் படத்தில் அளவுக்கு நாணயம் வைக்கலாமா?
– மாணவர், தங்கச்சிமடம்

பதில்: ஐந்து ரூபாய் நாணயமே பல அளவில் வந்திருக்கிறது. சென்டிமீட்டர் பட்டை வையுங்கள். படத்தின் கீழே இடம், எத்திசை நோக்கி எடுத்தது, எதைக் கவனிக்கவேண்டும் ஆகிய மூன்றும் வரட்டும்.

கேள்வி: நாற்பது அறிக்கைகளை எப்படித் திருத்தி முடிப்பது?
– விரிவுரையாளர், பரமக்குடி

பதில்: முழு அறிக்கையை ஒரேயடியாக வாங்காதீர்கள். முதலில் முடிவுகள் பகுதி மட்டும், 150 சொற்களில். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் கண்டதற்கு ‘க’, ஊகத்துக்கு ‘ஊ’ என்று மாணவரே குறித்துத் தரட்டும். அங்கே ‘ஊ’ வந்தால் அந்த வரி விவாதப் பகுதிக்குப் போகவேண்டும். உங்கள் பேனாவுக்குப் பாதி வேலை மிச்சம். இலக்கணப் பிழையை இந்தச் சுற்றில் தொடவே வேண்டாம். அடுத்த வாரம் செய்முறை, அதன்பின் விவாதம்.

முன்னுரை கடைசியில்தான். அதை முதலில் எழுதச் சொன்னால் எல்லோரும் தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர் புயலில்தான் தொடங்குவார்கள். தனுஷ்கோடியின் கடைமுனையான அரிச்சல்முனை மணலின் பருமனை மட்டும் ஆராயும் அறிக்கைக்கு அது தேவையில்லை. பழைய வரைபடத்தோடு ஒப்பிட்டுக் கரைக்கோடு எவ்வளவு நகர்ந்தது என்று பார்க்கும் அறிக்கையென்றால், முதல் பத்தியிலேயே வரட்டும்.