மலை வீட்டு சென்சார்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கொடைக்கானலிலிருந்து: குளிருக்குப் படுக்கையறையில் மரக்கரி கணப்பு வைக்கிறோம். புகை அலாரம் மாட்டியிருக்கிறோம். போதும்தானே?

போதாது. தயவுசெய்து இதை இன்றைக்கே கவனியுங்கள். நன்றாகக் கனன்ற கரியில் புகை அநேகமாக இருக்காது, ஆனால் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். அதற்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. புகை அலாரம் காற்றில் மிதக்கும் துகளைத்தான் கண்டுபிடிக்கும். இந்த வாயுவுக்குத் தனி அலாரம் வேண்டும். பெட்டியில் ஈஎன் 50291 என்ற தரக்குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அந்தத் தரப்படி 50 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 50 பங்கு) அளவு நீடித்தால் 60 முதல் 90 நிமிடத்துக்குள்ளும், 300 பிபிஎம் ஆனால் 3 நிமிடத்துக்குள்ளும் அலறும். படுக்கையறையில் தலையணை உயரத்தில், கணப்பிலிருந்து 1 முதல் 3 மீட்டர் தள்ளிப் பொருத்துங்கள். திரைச்சீலைக்குப் பின்னால் வேண்டாம்.

செல்போனுக்குச் செய்தி மட்டும் அனுப்பும் கருவியை இதற்கு நம்பாதீர்கள். கரண்ட் போனால் வைஃபையும் போய்விடும், ஆகவே கருவியே சத்தம் போட வேண்டும். அதன் உள்ளே வாயுவை உணரும் செல்லுக்கு (பேட்டரி அல்ல) ஆயுள் உண்டு. அச்சிட்ட தேதி வந்ததும் புது அலாரமே வாங்குங்கள். டெஸ்ட் பட்டன் ஒலியைத்தான் சோதிக்கிறது, செல்லை அல்ல. அலாரம் இருந்தாலும் படுக்கும் முன் கணப்பை வெளியே எடுத்து வைத்துவிடுங்கள்.

சிலிண்டரில் வரும் சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. அதன் கசிவைக் காட்டும் சென்சார் தரையிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும்.

ஊட்டியிலிருந்து: மார்கழி விடியலில் கதவு சென்சாரின் பேட்டரி 20 சதவீதம் என்கிறது, மதியம் 80 என்கிறது. பழுதா?

பழுதில்லை. சிஆர்2032 போன்ற பட்டன் பேட்டரி குளிரில் மின்னழுத்தம் இறங்கிக் காட்டும். செயலி அதை வைத்துத்தான் சதவீதம் சொல்கிறது. மதியமும் ஏறாவிட்டால் மாற்றுங்கள்.

குன்னூரிலிருந்து: ஐப்பசி மழை தொடங்கினால், கதவு சென்சார் சாத்திய கதவையே திறந்திருப்பதாகக் காட்டுகிறது.

மரம் ஈரத்தில் உப்பிக் கதவு நிலையில் முழுதாகப் படியாமல் நிற்கும். கதவு சென்சாருக்கு இரண்டு துண்டு, ஒன்று காந்தம், ஒன்று சென்சார்; இரண்டுக்கும் இடைவெளி கூடிவிடும். பல கருவிகளுக்கு 15 மில்லிமீட்டருக்கு மேல் போனால் சந்தேகம்தான். வெயில் காலத்தில் 5 மில்லிமீட்டர் வைத்துப் பொருத்தினால் மழைக்கும் தாங்கும். ஒட்டும் டேப் 10 டிகிரிக்குக் கீழே சரியாகப் பிடிக்காது. மரத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, ஹேர் டிரையரால் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்து, 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பழைய பெயின்ட் உரிந்தால் டேப்போடு சென்சாரும் வந்துவிடும். அங்கே சிறு திருகாணிதான் சரி. இரும்புக் கதவென்றால் காந்தத்துக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் துண்டு வையுங்கள்.

கோத்தகிரியிலிருந்து: கொல்லைப்புற மோஷன் சென்சார் இரவெல்லாம் அடிக்கிறது. காட்டெருமை வருகிறது.

அப்படியானால் சென்சார் தன் வேலையைத்தான் செய்கிறது. உடல் சூடு நகர்வதை அது பார்க்கிறது, மனிதரா மாடா என்று அதற்குத் தெரியாது. அணைத்துவிடாதீர்கள். கரடியோ காட்டெருமையோ நிற்கும்போது பின்கதவைத் திறக்காமல் இருக்க அந்த ஒலி உதவும். 2 மீட்டருக்குச் சற்று மேலே, வரும் தடத்துக்குக் குறுக்காகப் பார்க்கும்படி மாட்டுங்கள். நேரே எதிர்கொண்டு வரும் உருவத்தை அது தாமதமாகத்தான் உணரும். ஜன்னலுக்கு உள்ளே வைத்துப் பயனில்லை, கண்ணாடி அந்த வெப்பக் கதிரைத் தடுத்துவிடும்.

மறுபடியும் குன்னூர்: கல் சுவர் பங்களா. பின்னறை ஜிக்பீ சென்சார்கள் ஹப்போடு அடிக்கடி அறுந்துபோகின்றன.

ஜிக்பீ என்பது சென்சார்கள் ஹப் என்ற நடுக்கருவியோடு பேசும் தனி ரேடியோ முறை, வைஃபை அல்ல. ஆகவே வைஃபை எக்ஸ்டெண்டர் இதற்கு உதவாது. கரண்டில் ஓடும் ஜிக்பீ பிளக் ஒன்றை, கதவு வழியாக இரு பக்கமும் நேர்கோட்டில் படும் இடத்தில் போடுங்கள். அதுதான் சிக்னலைக் கைமாற்றும். பேட்டரி சென்சார் அதைச் செய்யாது. பிளக்கும் ஹப்பும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கட்டும். பிறகு சென்சாரை அது இருக்கப்போகும் இடத்திலேயே வைத்து மறுபடி இணையுங்கள்.

கூடலூரிலிருந்து: ஈரப்பதம் 70 சதவீதம் தாண்டினால் குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும்படி வைத்தேன். ஆடியில் நிற்கவே மாட்டேன் என்கிறது.

ஆடியில் வெளிக்காற்றே 90ஐத் தொடும். கூடத்தில் இன்னொரு சென்சார் வைத்து, குளியலறை அதைவிட 8 புள்ளி கூடினால் ஓடவும், 3க்குள் வந்தால் நிற்கவும் அமையுங்கள்.