வாசகர் வட்டத்துக்கு ஆள் வராதது பற்றி

ஐயா, உங்கள் பகுத்தறிவு வாசகர் வட்டத்துக்கு ஐந்து பேர்தான் வருகிறார்கள், பக்கத்துத் தெரு பஜனைக் குழுவில் இடமில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

சித்திரைத் திருவிழாவில் மதுரையில் அழகர் வைகைக்கு வரும் வழியைப் பாருங்கள். நூற்றுக்கணக்கான மண்டகப்படிகள், அதாவது சாமி நின்று போகும் இடங்கள். ஒவ்வொன்றுக்கும் பந்தல் போட ஒருவர், நீர்மோர் கரைக்க ஒருவர், கணக்கெழுத ஒருவர். எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. ஆனாலும் வருஷா வருஷம் மோர் ஊற்றுகிறேன். வராவிட்டால் 'ஏன் காணோம்?' என்று வீட்டுக்கே வந்துவிடுவார்கள்.

உங்கள் கூட்டத்தில் ஒருவர் பேசுகிறார், மற்றவர்கள் கேட்கிறார்கள். அப்புறம் கலைந்துவிடுகிறார்கள், சரியா? முதலில் புதிதாக வருபவரிடம் ஒரு வேலையைக் கொடுங்கள், டீ வாங்குவதானாலும் சரி. மாதத்தில் ஒரு ஞாயிறு குடும்பத்தோடு சாப்பாடு. யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால் இரண்டு பேர் போய்ப் பாருங்கள். உரையை அரை மணி நேரமாகக் குறையுங்கள்.